மியாட்டா 1.6: 4,000 ஆர்பிஎம்-க்கு மேல் இழுக்காத இன்ஜின் ஒருவழியாகச் சரியானது

என் மாஸ்டா மியாட்டா ஸ்போர்ட்ஸ் காரில் அடைத்துக்கொண்டிருந்தது, புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்தான். நேற்று அதை மாற்றி ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் முள் 7,000 வரை தயங்காமல் ஏறியது. இந்த இன்ஜினுக்கு உச்ச சக்தி கிடைப்பதே 6,500 பக்கத்தில். அந்த இடத்தையே எட்டாமல் இவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறேன் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

அறிகுறிகள் இவைதான்: குளிர்ந்த நிலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். ஐடிலிங் 850-ல் ஆடாமல் நிற்கும். 4,000 தாண்டியதும் இழுவை செத்துவிடும், சத்தம் மட்டும் ஏறும். இன்ஜின் சூடாகச் சூடாக இன்னும் மோசம்.

பழைய 1.6 என்றாலே முதல் சந்தேகம் கிராங்க் மூக்கின் மேல்தான், அதாவது புல்லி மாட்டும் கிராங்க் தண்டின் முன்முனை மேல்தான் போகும். என் வண்டியின் புல்லியில் நான்கு வெட்டுகள், அதாவது குட்டை மூக்கு கிராங்க், சாவிக்குழி தேய்ந்து டைமிங் ஆடக்கூடிய ரகம். டயக்னாஸ்டிக் பெட்டியில் டென் (TEN) முனையையும் கிரவுண்டையும் இணைத்து டைமிங் லைட் (ஸ்பார்க் விழும் நேரத்தைக் காட்டும் விளக்கு) அடித்தேன். 10 டிகிரியில் அசையாமல் நின்றது. சாவிக்குழியில் ஆட்டம் இல்லை, பெருமூச்சு விட்டேன். எரிபொருள் அழுத்தம், ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பார்த்தபோது 40 பிஎஸ்ஐ சொச்சம். கம்ப்ரெஷன் நான்கு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஏர்ஃப்ளோ மீட்டரின் மடல் விரலால் தள்ளினால் சிக்காமல் போய் வந்தது.

நம்மைக் குழப்புவது ஸ்பார்க் பிளக்கின் நிறம். நல்ல வெளிர் பழுப்பு, எந்தக் குறையும் சொல்ல முடியாது. கணினியில் எரர் கோடும் இல்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. புகை வெளியே போகாததால் புதுக் காற்று உள்ளே வருவதில்லை. குறைந்த காற்றை மீட்டர் சரியாகவே அளக்கிறது, கணினியும் அதற்கேற்பக் குறைவாகவே பெட்ரோல் விடுகிறது. கலவை சரி, அளவுதான் போதாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆள் மாதிரி. பிளக்கைப் பார்த்து எரிபொருள் பக்கம் தேடினால் வருஷக்கணக்கில் தேடலாம்.

துப்புக் கொடுத்தது, இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தை அளக்கும் வேக்குவம் கேஜ். ஐடிலிங்கில் 18 அங்குலம், பரவாயில்லை. 3,000-ல் பிடித்து வைத்தால் முதலில் பழைய இடத்துக்கு ஏறி, அப்புறம் மெதுவாக, கண்ணெதிரே, 12-க்கு இறங்கியது. நல்ல எக்ஸாஸ்ட் என்றால் அங்கேயே நிற்க வேண்டும்.

உறுதி செய்ய, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருந்து கலவையைக் கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தம் அளக்க வேண்டும். இந்த ஒரு சென்சர்தான் என் உயிரை எடுத்தது. பக்கவாட்டில் வெட்டு விட்ட 22 மிமீ சாக்கெட் என்று விற்கிறார்களே, அதை நம்பவே நம்பாதீர்கள். துருப்பிடித்த சென்சரில் முழு பலம் கொடுத்தால் அந்த வெட்டு விரிந்து, சாக்கெட் நழுவி, ஆறு முனையும் மழுங்கும். சென்சரை எப்படியும் மாற்றப் போகிறேன், எனவே ஒயரை ஒட்ட நறுக்கிவிட்டு வெட்டில்லாத, ஆறு முனை வளைய ஸ்பானரை மேலிருந்து இறக்கினேன். முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் ஊறட்டும் என்று விட்டிருந்தேன். காலையில் இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, கை பொறுக்கிற சூட்டில், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி. ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் தளர்த்தும் பக்கம் கால் சுற்று, மறுபடி இறுக்கு, எண்ணெய், மறுபடி தளர்த்து. பொறுமை இழந்து ஒரே மூச்சில் சுற்றினால் மேனிஃபோல்டின் மரையும் கூடவே வந்துவிடும். எம்18×1.5 டேப் (மரை வெட்டும் கருவி) ஒன்றை ஓட்டிச் சுத்தம் செய்ததும் ஓட்டை புதுசு போல ஆனது.

நறுக்கிய சென்சரின் உள்ளுறுப்பைத் துளைத்தெடுத்து, செம்புக் குழாய் ஒன்றைப் பற்றவைத்து அடாப்டர் செய்துகொண்டேன். ரப்பர் ஹோஸ் உருகாமல் இருக்கக் குழாய் முழ நீளமாவது வேண்டும். 2,500-ல் 3 பிஎஸ்ஐ தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். எனக்கு 6 காட்டியது, மேலே கொடுக்கக் கொடுக்க முள் பறந்தது.

கழற்றிய கன்வெர்ட்டருக்குள் டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் ஓரத்தில் ஒரு பிறை அளவுதான் தெரிந்தது. தேன்கூட்டுக் கண்ணறைகள் நடுவில் உருகி, கண்ணாடி போலப் பளபளத்துக் கிடந்தன. தானாக உருகாது இது. வண்டி என் கைக்கு வந்தபோது பிளக் ஒயர்கள் கிழடுதட்டி, இருட்டில் தண்ணீர் தெளித்தால் நீலப்பொறி தாவும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்திருக்கிறது. ஒயரை அப்போதே மாற்றிவிட்டதால் மிஸ்ஃபயர் நின்றது, அடைப்பு மட்டும் தங்கிவிட்டது. மூல காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசை மாட்டினால் அதுவும் உருகும், ஜாக்கிரதை.

வாங்குவோருக்கு ஒன்று: கிளாம்ப் போட்டு இறுக்குகிற பொதுவகை வேண்டாம். ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தகடு) உள்ளதையே தேடி எடுங்கள். எனக்கு முதலில் வந்ததில் ஃபிளேஞ்ச் கோணலாகப் பற்றவைத்திருந்தார்கள், திருப்பி அனுப்பினேன். சென்சருக்குப் பக்கத்தில் கசிவு இருந்தால் வெளிக்காற்று புகுந்து, கலவை மெலிந்திருப்பதாகக் காட்டும். கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும்.

ஹீட் ஷீல்டு (வெப்பத்தைத் தடுக்கும் தகடு) இன்னும் தரையில்தான் கிடக்கிறது, இரண்டு போல்ட்டின் தலை கழன்றுவிட்டது. அதை முடிப்பதற்குள் மனசு சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது: ஸ்பார்க் நேரத்துக்குக் கணினி நம்புகிற கேம் ஆங்கிள் சென்சரின் ஓ-ரிங் வழியாக ஆயில் கசிந்து கியர்பாக்ஸ் மேல் சொட்டுகிறது. ஓ-ரிங் வாங்கியாகிவிட்டது. சென்சரைக் கழற்றினால் டைமிங் மறுபடி வைக்க வேண்டும், எனவே டைமிங் லைட்டை உள்ளே எடுத்து வைக்கவில்லை.