நீங்களுமா?

“நீங்களுமா அண்ணா?”

அவன் கேட்டது அவ்வளவுதான். நான் சொன்ன பதில்தான் மூன்று மாதமாக என்னைக் குடைகிறது. “இன்றைக்கு ஒருநாள்தானே” என்றேன்.

என் கையில் இருந்தது வெறும் கோலா. ஐஸ் போட்ட கறுப்புத் தண்ணீர், அதில் ஒரு சொட்டு மது கிடையாது. பதினான்கு வருடமாக எல்லா விருந்திலும் இப்படி ஒரு டம்ளரை ஏந்திக்கொண்டுதான் நிற்கிறேன். பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறவன் குடிப்பதில்லை என்றால் யாரும் சும்மா விடமாட்டார்கள். சர்க்கரையா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, வீட்டில் பயமா என்று வரிசையாகக் கேள்வி வரும். பிடிக்கவில்லை என்று சொன்னால் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம், சபரிமலைக்கு மாலை போட்டிருப்பது. அதுவும் கார்த்திகை பிறந்த பிறகுதான் செல்லும். ஆயுத பூஜை வருவதோ பெரும்பாலும் புரட்டாசியில். புரட்டாசி என்று கறியைத் தொடாமல், காளான் வறுவலைக் கடித்துக்கொண்டு குடிப்பவர்களிடம் நான் எந்த விரதத்தைச் சொல்வது? அதனால்தான் டம்ளர்.

2025இல் ஆயுத பூஜை அக்டோபர் 1. மறுநாள் காந்தி ஜெயந்தி, டாஸ்மாக் கிடையாது. பகல் 12 மணிக்குக் கடை திறந்ததும் இரண்டு நாளைக்கும் சேர்த்து வாங்கி வைத்துவிட்டார்கள்.

அவன் எங்கள் பேட்லாக் டெய்லர், பனியனுக்கு ஓரம் மடித்துத் தைக்கும் மூன்று ஊசி மெஷினில் உட்காருகிறவன். மாசி மாதம் குடியை விட்டவன். ஏன் விட்டான் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு வாரம் ஒருமுறை போய்வந்தான். “ஆயுளுக்கும் குடிக்கமாட்டேன் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது அண்ணா. இன்று ஒருநாள் குடிக்கமாட்டேன், அவ்வளவுதான் கணக்கு” என்று ஒருமுறை டீக் கடையில் சொன்னான்.

பூஜையன்று காலையில் அவனைப் பார்த்திருக்க வேண்டும். மெஷினுக்குள் அடைந்திருந்த நூல் தூசியை ஊதித் தள்ளி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மூன்று ஊசிகளுக்கும் மேலே தனித்தனியாகக் குங்குமம் வைத்தான். பொரியில் பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து, லைன் முழுவதும் அவனே பொட்டலம் கொடுத்தான். “இந்த ஊருக்கு வந்து ஏழு வருடம். பூசணிக்காய் உடைக்கும் நேரத்தில் நான் நிதானமாக நின்றது இதுதான் முதல் தடவை” என்று சிரித்தான். எனக்கு வருடா வருடம் கிடைக்கிற சந்தோஷம் அது: சந்தன வாசனை, மெஷின் ஓடாத மதியம், மறுநாள் காலையில் தலை கனக்காமல் எழுந்திருப்பது. அவனுக்கு அது புதிது.

பிறகு கேட்டான். “சாயந்திரம் மொட்டை மாடிக்கு வருகிறீர்களா அண்ணா?” வருவேன் என்றேன். “அப்படியானால் நானும் வருகிறேன்.”

ஏதோ மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்ததாக மனைவியிடம் சொன்னேன். அது பொய். எனக்கு அப்போதே புரிந்திருந்தது.

மாடியில், வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் பையிங் ஆபீஸ்காரர் என் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்கா ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீத வரி போட்டதில் எங்கள் கட்டிங் டேபிள் பாதி காலி. தீபாவளி போனஸ் எவ்வளவு என்று யாருமே பேச்செடுக்காத நேரம். முதலாளி கண்ணால் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: மனிதரைச் சந்தோஷமாக வைத்துக்கொள். ஆபீஸ்காரர் என் டம்ளரில் தன் டம்ளரை மோதிய அந்த நிமிடத்தில் இவன் வந்து நின்று கேட்டான்.

“கோலாடா, குடித்துப் பார்” என்று நீட்டியிருக்கலாம். நீட்டியிருந்தால் அவர் சிரித்திருப்பார். கோலா குடித்ததற்காக யாரும் ஆர்டரைத் திருப்பிக்கொண்டு போவதில்லை. இதெல்லாம் பிறகு தோன்றியது என்று எழுத ஆசைதான். அப்போதே தெரியும். இருந்தும் அவன் எனக்குச் சொல்லித் தந்த அந்த ஒருநாளையே எடுத்து அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அரை மணி நேரம் கழித்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பேப்பர் கப்போடு நின்றான். அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. விடுமுறைதான், யாருமே வரவில்லை. அதற்கடுத்த நாளும் அவன் வரவில்லை.

அயர்ன் மாஸ்டர் வேறு கதை சொன்னார். அவன் மதியமே ஷெட்டுக்குப் பின்னால் அவர்களோடு ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டானாம். அதைக் கேட்டதும் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் அந்த ‘உம்’ வந்து உட்கார்ந்துகொண்டது. மதியமே குடித்திருந்தால், ‘என்னைப்போல நீங்களுமா’ என்று கேட்டிருக்கிறான். குடிக்காமல் இருந்திருந்தால், ‘எல்லோரையும்போல நீங்களுமா’ என்று கேட்டிருக்கிறான். அயர்ன் மாஸ்டர் என் மனது கேட்க விரும்பியதைச் சொல்லக்கூடியவர்தான். அவனிடமே கேட்டுவிடலாம். கேட்கவில்லை.

முப்பது வயது ஆள். நான் அவனுக்குக் காவலாளி அல்ல. டம்ளரில் இருப்பதை ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இவை மூன்றும் நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நியாயம் ஒன்று போதாமல் மூன்று தேவைப்படுவதுதான் இடிக்கிறது.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் தாமதமாகத் தேனியிலிருந்து திரும்பினான். பீஸ் கணக்கில் குறை இல்லை. கூட்டத்துக்குப் போகிறானா என்று தெரியவில்லை. என்னை இப்போது ‘சார்’ என்று கூப்பிடுகிறான்.

டிசம்பர் 31 அன்று மறுபடி அதே மாடி. இந்த முறை டம்ளரே எடுக்கவில்லை. பன்னீர் சோடாவை, எல்லோருக்கும் தெரியட்டும் என்று, பாட்டிலோடு கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கமே நின்றேன். அவன் வரவில்லை.

முதலாளி பாட்டிலைப் பார்த்துவிட்டு, “என்ன, மாலை போட்டிருக்கிறீர்களா?” என்றார்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டேன்.