பீம் வளையும் கணக்கில் சப்போர்ட்டை எங்கே, எந்தத் திசையில் பிடிப்பது?

ஃபைனைட் எலிமென்ட் (பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) லேபில் பீம் கணக்கு கொடுத்தால் எல்லோருடைய கவனமும் மெஷ் என்ற அந்தத் துண்டுகளின் வலை மேல்தான். கையால் போட்ட விடையோடு ஒத்துப்போகவில்லையா, மெஷ்ஷைப் பொடிசாக்கு. அப்போதும் வரவில்லையா, இன்னும் பொடிசாக்கு. ஜூனியர்களின் மாடலைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது சப்போர்ட்டைத்தான். பெரும்பாலும் வம்பு அங்கேதான் இருக்கும்.

ஒரு கணக்கு எடுத்துக்கொள்வோம். 1000 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரமுள்ள ஸ்டீல் பீம். சிம்ப்ளி சப்போர்ட்டட், அதாவது முனைகள் தாங்கல்மேல் உட்கார்ந்து தடையின்றிச் சுழலும்; நடுவில் 1000 நியூட்டன் லோடு; யங்ஸ் மாடுலஸ் 210 ஜிகாபாஸ்கல். பி.எல் கியூப் பை 48 இ.ஐ (பி லோடு, எல் நீளம், இ யங்ஸ் மாடுலஸ், ஐ வெட்டுமுகத்தின் இனர்ஷியா) போட்டால் நடுவில் இறக்கம் 0.476 மி.மீ. ஷியரையும் சேர்த்தால் 0.48.

இதையே சாலிட் எலிமென்டில் (முப்பரிமாணத் துண்டுகளில்) போட்டு, இரண்டு முனை முகங்களுக்கும் துளியும் அசையவிடாத ஃபிக்ஸட் சப்போர்ட் கொடுத்தால் 0.12 வரும். சூத்திரத்தில் 48 இருந்த இடத்தில், இரு முனையும் பூட்டிய பீமுக்கான 192 வந்துவிட்டது, அவ்வளவுதான். விடை நான்கில் ஒரு பங்காக நிற்பதால் இது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

அடுத்த வகைதான் ஆபத்து. சாலிட் எலிமென்டின் நோடுக்கு (துண்டுகள் சேரும் புள்ளிக்கு) சுழற்சி கிடையாது. எக்ஸ் (நீளவாக்கு), ஒய் (மேல்-கீழ்), இசட் (அகலவாக்கு) நகர்வு மட்டும்தான். அதனால் முகத்தை விட்டுவிட்டு இரு முனைகளிலும் அடிவிளிம்பை மட்டும் மூன்று திசையிலும் பூட்டினால், அது கீல் மாதிரி சுழலும், வேலை முடிந்தது என்று தோன்றும். ரன் பண்ணினால் இறக்கம் 0.21-ஐ ஒட்டி வரும். மெஷ்ஷை எவ்வளவு பொடிசாக்கினாலும் 0.48 பக்கம் போகாது.

காரணம் இது. பீம் தொய்யும்போது அடிப்பக்கம் நீள வேண்டும். முனைகள் வெளியே நகர்ந்தாக வேண்டும். இரண்டையும் பூட்டிவிட்டதால் சப்போர்ட்டுகள் பீமை உள்நோக்கித் தள்ளுகின்றன. அந்தத் தள்ளல் நியூட்ரல் ஆக்ஸிஸுக்கு (வளையும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் நடுக்கோட்டுக்கு) 25 மி.மீ. கீழே விழுவதால் எதிர் மொமென்ட் உண்டாகி, தொய்யும் பீமை மேலே தூக்குகிறது. இதைக் கையாலேயே போடலாம்: சப்போர்ட் திருப்பித் தரும் விசையான கிடைமட்ட ரியாக்‌ஷன் 3 பி.எல் பை 16 எச் (எச் பீமின் உயரம்), அதாவது 3750 நியூட்டன். நாம் வைத்த லோடோ வெறும் 1000! செவ்வக வெட்டுமுகமுள்ள மெலிந்த பீம் எதுவானாலும் இறக்கம் சரியான விடையில் 16-க்கு 7 பங்காகிவிடும். நடுவில் அடிப்பக்க ஸ்ட்ரெஸ் 30 மெகாபாஸ்கல் வர வேண்டியது 15 என்று காட்டும். பாகம் இரண்டு மடங்கு பத்திரம் என்று நம்பி டிசைனை முடித்துவிடுவோம்.

சரி, எப்படிப் பிடிப்பது? ஒரு முனையின் அடிவிளிம்பில் எக்ஸ், ஒய். மறுமுனையில் ஒய் மட்டும். அகலவாக்கில், அதாவது இசட்டில், ஒரே ஒரு நோடைப் பிடித்தால் போதும். விளிம்பு முழுவதையும் பிடித்தால் பாய்சான் விளைவை (நீளவாக்கில் இழுபடும்போது அகலம் சுருங்குவதை) தடுத்து, இல்லாத விசையை உண்டாக்கும். இசட்டை அடியோடு மறந்தாலோ மாடல் பக்கவாட்டில் மிதக்கும்; சால்வர் (கணக்கைத் தீர்க்கும் புரோகிராம்) ஜீரோ பிவட், அதாவது மாடல் சரியாகப் பிடிக்கப்படவில்லை, என்று கத்தும், அல்லது தானாக வீக் ஸ்பிரிங் (மிக மெல்லிய ஸ்பிரிங்) போட்டு ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும். கத்தும் சால்வரே தேவலை.

ரன் முடிந்ததும் கலர் படத்துக்குப் போகாமல் முதலில் ரியாக்‌ஷனைப் பாருங்கள், அதுவும் ஒவ்வொரு சப்போர்ட்டிலும் தனித்தனியாக. மொத்தத்தைப் பார்த்தால் ஏமாறுவோம்: ஒரு பக்கம் 3750, மறுபக்கம் மைனஸ் 3750, கூட்டினால் சுத்தமாகப் பூஜ்யம். ஒய்-இல் 500, 500. எக்ஸில் இரண்டு முனையிலும் பூஜ்யம் என்றால்தான் சிம்ப்ளி சப்போர்ட்டட். வைவாவில் இந்த இரண்டு எண்ணைச் சொன்னாலே கேட்பவருக்குப் பாதி திருப்தி வந்துவிடும்.

அடிவிளிம்பில் சிவப்பாகத் தெரியும் ஸ்ட்ரெஸ்ஸை மதிக்க வேண்டாம். கோடு போன்ற சப்போர்ட்டில் மெஷ் பொடிசாகப் பொடிசாக அது ஏறிக்கொண்டே போகும். அங்கிருந்து பீமின் ஒரு உயரம் தள்ளி எடுக்கும் மதிப்பை நம்பலாம்.

எனக்குப் பிடித்தது பாதி மாடல். நடுவில் வெட்டி, வெட்டிய முகத்தில் எக்ஸைப் பிடித்து, லோடை 500 ஆக்கி, முனை அடிவிளிம்பில் ஒய் மட்டும் கொடுப்பது. எக்ஸ் ஏற்கெனவே நடுவில் பிடிபட்டுவிட்டதால் முனையில் பூட்டும் தேவையே எழாது. இசட்டுக்கு அதே ஒற்றை நோடு. ஆனால் இதே மாடலை மோடல் அனாலிசிஸுக்கு (பாகம் இயல்பாக அதிரும் விதங்களைக் காணும் கணக்குக்கு) கொண்டுபோகாதீர்கள். நடுவுக்கு இருபுறமும் எதிரெதிராக வளையும் அதிர்வுகள் அதில் வரவே வராது.