இந்த வேன் இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்துச்சு?

பழைய வேன் பாக்க வர்றவங்க எல்லாருமே நேரா பானெட்டைத் தொறந்து என்ஜினைத்தான் பாப்பாங்க. நான் பின்னாடி போய் கடைசி சீட்டுல உக்காந்துக்குவேன். ஓனரோ புரோக்கரோ யாராவது ஓட்டட்டும், நாலு ஸ்பீடு பிரேக்கர் ஏறி எறங்கட்டும், நான் பேசாம உக்காந்து கேட்டுட்டே வருவேன், ஏன்னா டிரைவர் சீட்டுல கேக்காத சத்தம் பூரா அங்கதான் கேக்கும், வண்டியத் தாங்குற ஸ்பிரிங் பட்டையோட புஷ் தேஞ்சது, ஷாக் அப்சார்பர் போனது, பின்கதவு கீல் தளந்தது, பின் ஆக்சில்ல இருக்கிற கிரவுன் பல்சக்கரம் ஊளை விடுறது எல்லாமே. புரோக்கருக்கு இது சுத்தமா பிடிக்காது. "முன்னாடி வந்து உக்காருங்கண்ணா, ஏசி நல்லா வரும்"னு கூப்பிடுவாங்க. அப்ப பின்னாடி வராதான்னு கேட்டா சிரிச்சு மழுப்பிருவாங்க.

ஃபைனான்ஸ் கம்பெனிங்களுக்கு செகண்ட் ஹேண்ட் கமர்ஷியல் வண்டி பாத்து மதிப்பு போட்டுக் குடுக்கிறதுதான் என் வேலை. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு சுத்துவட்டாரம். லாரிக்கு வேற ஆளுங்க இருக்காங்க, என்கிட்ட வர்றது பெரும்பாலும் வேன், அதுலயும் முக்கால்வாசி டிராவலர். 1987ல பஜாஜ் டெம்போ எறக்குன வண்டி, மெர்சிடிஸோட டி1 வேன்தான் அதுக்கு மூலம், டீசல் என்ஜினும் அந்த வழியில வந்ததுதான். கம்பெனி 2005ல ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு ஆயிருச்சு, ஆனா வண்டியோட உருவம் ரொம்ப வருஷத்துக்குப் பெருசா மாறவேயில்ல. இதுல ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கு. நல்லது, எந்த ஊர் பட்டறைக்குப் போனாலும் இதக் கழட்டி மாட்டத் தெரிஞ்ச ஆள் இருப்பாரு, சாமானும் கிடைக்கும். கெட்டது, பழைய வண்டிக்கு ஒரு பெயிண்ட், புது கிரில்லு, புது சீட் கவர் போட்டு நிறுத்துனா பாக்க வர்ற ஆளுக்கு அஞ்சாறு வருஷ வித்தியாசம் கண்ணுல படவே படாது. ஆர்.சி.ல வருஷம் இருக்குதேன்னு கேக்கலாம், இருக்கு, ஆனா ஆளு ஏற்கனவே மனசுல வண்டிய வாங்கி முடிச்சிருப்பாரு, அதுக்கப்புறம் பேப்பர் என்ன சொன்னாலும் காதுல ஏறாது.

எனக்குக் குடுக்கிற ஃபார்ம்ல கட்டம் கட்டமா கேள்வி இருக்கும். என்ஜின் கண்டிஷன், கியர் பாக்ஸ், டயர் எத்தனை சதவீதம், பாடி, ஏசி, கடைசியா மதிப்பு. எல்லாம் சரி, ஆனா இந்த வண்டி இத்தனை வருஷமா என்ன வேலை பாத்துச்சுங்கிற கேள்விக்கு மட்டும் அதுல கட்டமே கிடையாது. என்னைக் கேட்டா அதைத்தான் முதல்ல கேக்கணும். மீட்டர் பொய் சொல்லும், புரோக்கர் பொய் சொல்வாரு, பாத்த வேலை மட்டும் வண்டி மேல எங்கயாச்சும் எழுதியிருக்கும்.

ஸ்கூல் வேன எடுத்துக்குங்க. கிலோமீட்டர் கம்மியா ஓடியிருக்கும், "பாருங்க, வண்டி ஓடவே இல்லைங்க, காலைல ஒரு நடை சாயங்காலம் ஒரு நடை"ன்னு சொல்வாங்க, நிஜம்தான். ஆனா அந்த ஒரு நடைல எத்தனை வாசல்ல நின்னு நின்னு போகுது, பாதி நேரம் ஃபர்ஸ்ட் கியரும் செகண்ட் கியரும்தான், கிளட்ச் பிளேட்டும் பிரேக் லைனிங்கும் சீக்கிரம் தேய்ஞ்சிரும், கதவும் படியும் ஆட்டம் கண்டிருக்கும், கோடை லீவுல வெயில்ல சும்மா நின்னு டயர்ல வெடிப்பு விட்டிருக்கும். இதெல்லாம் காசு போட்டா சரி பண்ணிரலாம். நான் பயப்படறது தரைக்கு. தண்ணி பாட்டில் கொட்டும், மழைல நனைஞ்ச ஷூவோட ஏறும் புள்ளைங்க, கிளீனர் தினமும் பக்கெட் தண்ணிய ஊத்திக் கழுவுவாரு, மேல அழகா மேட்டு போட்டிருக்கும், அடியில தகரம் சத்தமில்லாம அரிச்சிட்டே இருக்கும். 2012 ஜூலையில தாம்பரம் பக்கம் ஓடிட்டிருந்த ஸ்கூல் பஸ்ஸோட தரை ஓட்டை வழியா ஒரு சின்னப்பொண்ணு கீழ விழுந்து இறந்துபோச்சே, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஐகோர்ட்டே தானா முன்வந்து கேஸ் எடுத்து, அந்த வருஷமே ஸ்கூல் பஸ்சுக்குன்னு தனி விதிகள் வந்துச்சு. அதனால ஸ்கூல் வேன்னா நான் மேட்டைத் தூக்காம விடறதே இல்ல. ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால தட்டிட்டே போவேன், சீட்டுக் கால் போல்ட்டு எறங்குற எடத்துலயும் படிக்கட்டு மூலைலயும் ரெண்டு தட்டு சேத்து. நல்ல தகரம்னா கணீர்னு கேக்கும், அரிச்ச எடம் பொத்துன்னு கேக்கும். ஒரு ஓனர் கோபமாவே கேட்டாரு, "என்னங்க, வண்டிய ஓட்டை போட வந்தீங்களா?"ன்னு. "இல்லைங்க, ஏற்கனவே இருக்குதான்னு பாக்க வந்தனுங்க"ன்னேன். அதுக்கப்புறம் அவரு பேசல, ஆனா டீ வந்துச்சு.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏத்துற வேனுங்க நேர் எதிர். மீட்டரப் பாத்தா தலை சுத்தும். ஷிப்ட்டு ஷிப்ட்டா டிரைவர் மாறுவாங்க, யாருக்கும் சொந்தம் இல்ல, கியர் நாபு வழவழன்னு ஆயிருக்கும், சீட்டு கிழிஞ்சிருக்கும். ஆனா காண்ட்ராக்ட்ல ஓடுன வண்டின்னா நின்னுபோனா அபராதம், அதனால ஆயில் சர்வீஸ் ஒழுங்கா நடந்திருக்கும், பில்லும் ஃபைல்ல இருக்கும். பில்லோட வர்ற நாலு லட்சம் கிலோமீட்டர் வண்டி எனக்கு ஓகே. பில் இல்லாம வர்ற ஒன்றரை லட்சம் வண்டிதான் ரெண்டு தடவை பாக்க வைக்கும், அதுலயும் வண்டி பூரா பழசா இருந்து பெடல் ரப்பர் மட்டும் பளிச்னு புதுசா இருந்தா மீட்டர்ல யாரோ கை வெச்சிருக்காங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் வந்துரும்.

டூரிஸ்ட் வண்டிதான் பெரிய கதை. கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டதுல இருந்து மகரவிளக்கு வரைக்கும் சபரிமலை ஓட்டம், அது முடிஞ்சு தைப்பூசத்துக்குப் பழனி, அப்புறம் கோடைல ஊட்டி, வால்பாறை. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஆளும் மூட்டையும் நெறைஞ்ச வண்டி அதுல எறங்கி வரும்போது பிரேக் என்ன பாடுபடும்னு யோசிச்சுப் பாருங்க, கியர்ல புடிச்சு எறக்கத் தெரிஞ்ச டிரைவர் ஓட்டுன வண்டிக்கும் பிரேக்கை மிதிச்சுட்டே எறக்குன வண்டிக்கும் சக்கரத்தக் கழட்டினாலே வித்தியாசம் தெரிஞ்சிரும், மிதிச்சே எறக்குன வண்டில பிரேக் இரும்பு சூடு பட்டு நீலம் பாரிச்சிருக்கும். விலையும் சீசனோடதான் ஏறி எறங்கும். ஐப்பசில கேக்குற விலை மாசில இருக்காது. ஓட்டம் முடிஞ்ச கையோட விக்க வர்ற வண்டிய மாசில சல்லிசா வாங்கலாம், ஆனா அது ரெண்டு மாசம் தூங்காம ஓடுன வண்டின்னு தெரிஞ்சே வாங்கணும்.

இந்த வண்டிங்கள்ல ஏசிய மத்தியானம்தான் பாக்கணும். காலைல எட்டு மணிக்கு எந்த ஏசியும் ஜில்லுன்னுதான் வரும். உச்சி வெயில்ல கதவெல்லாம் சாத்தி, எல்லா புளோயரும் போட்டு, மேடு ஏத்தச் சொல்லிட்டு நான் மறுபடி கடைசி சீட்டுக்குப் போயிருவேன். அங்க காத்து வருதா, டெம்பரேச்சர் முள்ளு ஏறுதா, ரெண்டே கேள்விதான். அப்புறம் இந்த எல்.இ.டி. லைட்டு, ஆம்ப்ளிஃபயர், டிவி சமாச்சாரம். வாங்கறவங்க அதைப் பாத்து மயங்கிருவாங்க, எனக்கு அத்தனையும் வெட்டி ஒட்டுன வயருதான், ஷார்ட் சர்க்யூட்டுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைப்பு.

சீட்டு எண்ணிக்கைல தகராறு வராத டூரிஸ்ட் வண்டிய நான் அபூர்வமாத்தான் பாத்திருக்கேன். மோட்டார் வாகனச் சட்டப்படி மேக்சி கேப்னா டிரைவர் இல்லாம ஆறு பேருக்கு மேல, 12 பேர் வரைக்கும். ஆர்.சி.ல 12+1னு இருக்கும், உள்ள எண்ணுனா கூட ரெண்டு இருக்கும். "கடைசி ரோவ கொஞ்சம் நெருக்கிப் போட்டோம்ங்க, குழந்தைங்க உக்காந்துக்கும்." எஃப்.சி.க்கு, அதாவது வண்டியோட தகுதிச் சான்றுக்குப் போறப்ப அந்த சீட்டக் கழட்டி வீட்டுத் திண்ணைல வெச்சுட்டுப் போவாங்க, வந்ததும் மாட்டிக்குவாங்க. நான் ஆர்.சி. எண்ணிக்கையும் நேர்ல எண்ணுனதும் ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுதிருவேன், நாளைக்கு ஒரு விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல எண்ணுறதும் அதைத்தான்.

சரக்கு ஏத்துன வண்டிக்கு வாயே வேண்டாம். பின்னாடி தள்ளி நின்னு பாத்தாலே ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். டயருக்கும் மேல தகரத்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் கையை விட்டுப் பாப்பேன், இடைவெளி வேற வேறயா இருந்தா பட்டை ஓய்ஞ்சுபோச்சு. ஆள் ஏத்துற வண்டியா வாங்கி சீட்டக் கழட்டி சரக்கு ஏத்துனதும் உண்டு, இப்ப விக்கிறதுக்காக சீட்டத் திருப்பி மாட்டிக் கொண்டுவருவாங்க, தரைல இழுத்த கோடும் பள்ளமும் காட்டிக்குடுத்துரும். வாங்கற ஆளே இந்த மாதிரி மாத்தி ஓட்டறதா இருந்தா ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாம பண்ணாதீங்கன்னு சொல்லிருவேன். எத்தனை கிலோ ஏத்தலாம்ங்கிற கேள்விக்கு ஆர்.சி.லயே பதில் இருக்கு, மொத்த எடைல இருந்து காலி வண்டி எடையக் கழிச்சா வர்றதுதான் கணக்கு. ஆனா மேல கேரியர், ஏசி, இரும்புப் படி, எக்ஸ்ட்ரா கம்பின்னு சேத்திருந்தா அந்தக் காலி எடை இப்ப நிஜம் இல்ல. பக்கத்துல எடை மேடை இருந்தா காலி வண்டிய ஒருக்கா ஏத்திப் பாருங்க, பெரிய செலவு இல்ல.

ஒரு வேன் நல்லா ஞாபகம் இருக்கு. 2014 மாடல், ஏசி செத்துருச்சு, சீட்டெல்லாம் பஞ்சு வெளிய, உள் லைனிங் தொங்குது. டிராவல்ஸ் வெச்சிருந்த ஒருத்தரு பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சுட்டுப் போயிட்டாரு, அவரு பண்ணுனது சரிதான், அவருக்கு உள்ள பண்ற வேலையே வண்டி விலைல பாதி வந்துரும். ஆனா என்ஜின் ராத்திரி பூரா ஆறிக் கிடந்து காலைல ஒரே செல்ஃப்ல புடிச்சுது, ஆயில் மூடியத் தொறந்து வெச்சாலும் புகை தள்ளல, ரேடியேட்டர் தண்ணி சுத்தமா இருந்துச்சு. சத்தியமங்கலத்துல இருந்து கோயமுத்தூருக்குப் பூ கொண்டுபோற ஒருத்தரு வந்து பாத்தாரு. பூவுக்கு எடை கிடையாது, பட்டைக்கு வேலை இல்ல, அவருக்கு வேண்டியது விடியறதுக்குள்ள மார்க்கெட் போய்ச் சேரணும், வழியில நிக்கக்கூடாது, அவ்வளவுதான். "எனக்கு சீட்டே வேண்டாம்ங்க, அந்தக் காசையும் கழிச்சுக்குங்க"ன்னு பேரம் ஆரம்பிச்சாரு. அதே வண்டி, ரெண்டு ஆளு, நான் எந்த மதிப்பப் போடறது? ஃபார்ம்ல ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு.

அந்தக் கட்டத்துல நம்பர் எழுதறப்பதான் போன் வரும். பிரான்ச்ல இருந்து, "சார், பார்ட்டி நல்ல பார்ட்டி, கொஞ்சம் பாத்துப் போடுங்க"ன்னு. மதிப்பு ஏறுனா லோன் ஏறும், லோன் ஏறுனா அவங்க டார்கெட் முடியும். மாசக் கடைசில இந்தப் போன் ஜாஸ்தி. நான் நம்பர் ஏத்த மாட்டேன், அதுக்காகப் பெரிய உத்தமன்னு சொல்ல வரல, வாங்கறவரு வண்டியோட நிஜ விலைக்கு மேல கடன் வாங்கிட்டு ரெண்டாவது வருஷம் தவணை கட்ட முடியாம, வண்டிய சீஸ் பண்ணி யார்டுல கொண்டாந்து நிறுத்தி, அதை மறுபடி மதிப்பு போட என்னையே அனுப்புவாங்க, அந்த வண்டி முன்னாடி நிக்கிறது ரொம்ப சங்கடம். சின்னப்பசங்க வரைஞ்ச ஸ்டிக்கர் கூட கண்ணாடில அப்படியே ஒட்டியிருக்கும்.

யார்டு வண்டிலயும், ரொம்ப மலிவா வெளியூர்ல இருந்து வர்ற வண்டிலயும் தண்ணி ஏறுச்சான்னு பாக்கணும். சென்னைல 2015 டிசம்பர் வெள்ளம், 2023ல மிக்ஜாம் புயல், அதுல நின்ன வண்டிங்க எங்கயோ ஒரு ஊர்ல வித்துத்தானே ஆகணும். சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுங்க, கடைசி முழத்துல சேத்துக்கறை இருந்தா முடிஞ்சுது, அதை யாரும் கழுவறதில்ல. சீட்டு ரெயிலுக்கு அடியில துரு, ஹெட்லைட்டுக்குள்ள தண்ணிக் கோடு, இதையும் பாத்துக்குங்க.

வண்டிச் சட்டத்துல பொறிச்சிருக்கிற சேசிஸ் நம்பர பென்சில் வெச்சுத் தேச்சு பிரிண்ட் எடுத்து ரிப்போர்ட்டோட ஒட்டறது எங்க வேலை. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது, மேல ரப்பர் பட்டன் எவ்வளவு தேயாம இருந்தாலும் வயசு அதுல தெரிஞ்சிரும். எட்டு வயசு வரைக்கும் கமர்ஷியல் வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எஃப்.சி., அதுக்கு மேல வருஷா வருஷம், அதனால ஏழரை வயசு வண்டி திடீர்னு நெறைய விக்க வரும், காரணம் இதுதான்.

பேப்பர் விஷயத்துல இன்னமும் ஆச்சரியமா இருக்கறது இந்த ஓப்பன் ஃபார்ம் பழக்கம். பேர் மாத்தறதுக்கான 29, 30 ஃபார்ம்ல கையெழுத்து வாங்கித் தேதி போடாம புரோக்கர் பையில வெச்சுக்குவாரு, வண்டி மூணு கை மாறியிருக்கும், ஆர்.சி. முதல் ஆள் பேர்லயே இருக்கும். வித்தவரு தப்பிச்சோம்னு நெனப்பாரு, ஆனா ஆர்.டி.ஓ. ரெக்கார்டுல யாரு பேர் இருக்கோ அவருதான் ஓனர், விபத்து நஷ்ட ஈடு அவரு தலைலதான்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. பழைய லோன் முடிஞ்சிருந்தாலும் ஃபார்ம் 35 குடுத்து அடகுக் குறிப்ப நீக்காம விட்டா அதுவும் நிக்கும். நிலுவைல இருக்கிற இ-சலானையும் ஆன்லைன்ல ஒருக்கா பாத்துருங்க, ஸ்பீடு கேமரால மாட்டுனது பூரா வரிசையா வந்து நிக்கும்.

இன்சூரன்ஸும் அப்படித்தான். வண்டி கைமாறி 14 நாளுக்குள்ள பேர் மாத்தச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. இங்க என்ன நடக்குதுன்னா, அட்வான்ஸ் குடுத்த அன்னைக்கே பூஜைக்கு நாள் பாத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி, அடுத்த வாரமே மருதமலைக்கு ஓட்டம் புடிச்சிருவாங்க, இன்சூரன்ஸ் பேப்பர் மட்டும் பழைய ஓனர் பேர்லயே டேஷ்போர்டுக்குள்ள கிடக்கும். நான் போன் பண்ணி ஞாபகப்படுத்துனா, "பண்ணிரலாங்கண்ணா, இந்த சீசன் முடியட்டும்"பாங்க.