கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்து வாங்கிய கார்

எங்கள் வீட்டில் ஆறு பேர்: அப்பா, அம்மா, நான், மனைவி, 13 வயது மகன், 5 வயது மகள். இருந்ததோ ஐந்து பேர் அமரும் கார். எங்கே கிளம்பினாலும் இரண்டு வண்டிகள், இரண்டு ஓட்டுநர்கள், யார் எதில் வருவது என்று வாசலில் கால் மணி நேரப் பஞ்சாயத்து. இதற்கு ஒரு முடிவு கட்டத்தான், மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட, கொஞ்சம் சொகுசான எஸ்யூவி ஒன்றை வாங்குவதென்று தீர்மானித்தோம். தீர்மானித்ததற்கும் வாங்கியதற்கும் இடையே ஏழு மாதங்கள் ஓடிவிட்டன. அவற்றில் முதல் மூன்று மாதங்களை நான் வீணடித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எஞ்சினின் குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆகும் விநாடிகள், முன்பக்கத் திரையின் அளவு ஆகியவற்றை ஒரு பெரிய அட்டவணையாகப் போட்டு, இரவெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தரத்து வண்டிகளில் அவை எல்லாமே வேண்டிய அளவுக்கு மேல் இருக்கின்றன என்பதும், ஓட்டுகிறவரின் இருக்கையில் அமர்ந்து பார்த்தால் எந்த வண்டியும் பிடித்துத்தான் போகும் என்பதும் அப்போது உறைக்கவில்லை. ஷோரூமில் முதலில் திறந்துவிடுவதும் ஓட்டுநர் கதவைத்தான். கடைசி வரிசை என்றால், பட்டனை அழுத்தி அது எவ்வளவு அழகாக மடங்குகிறது என்று காட்டுவார்கள். அதை விரித்துவிட்டு உள்ளே போய் உட்காருங்கள் என்று சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

மூன்றாவது ஷோரூமுக்கு அம்மாவும் வந்திருந்தார். விற்பனையாளர் பட்டனை அழுத்தியதும் நடு இருக்கை மெல்லிய முனகலோடு முன்னால் சாய்ந்து நகர்ந்தது. அது முழுவதும் நகர்ந்து முடியும்வரை நாங்கள் பொறுமையாகக் காத்திருந்தோம். பிறகு அம்மா வலது காலை வாசல்படியில் வைத்து, முன்னிருக்கையின் தலைச்சாய்வைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, இடது காலைத் தூக்கினார். பின்சக்கரத்துக்கு மேல் உள்ளே புடைத்திருந்த மேடு அந்தக் காலுக்கு இடம் விடவில்லை. முழங்கால் அதற்கு மேல் மடங்கவும் இல்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றபடி, "நான் நடுவிலேயே உட்காந்துக்கறேம்பா" என்றார். விற்பனையாளர் கால் வைக்கும் பலகையைக் கூடுதலாகப் பொருத்தித் தருவதாகச் சொன்னார். தரையின் உயரத்துக்கு அது உதவும். அந்த இடுக்குக்கு அது என்ன செய்யும்?

அன்று இரவு பழைய அட்டவணையை மூடிவிட்டு, ஒரு தாளில் ஆறு கட்டங்கள் போட்டு யார் எங்கே என்று எழுதினேன். பெற்றோர் இருவரும் நடு வரிசைதான். அதில் இனிப் பேச்சில்லை. அப்படியானால் பிள்ளைகள்? நடுவில் தனித்தனியாக இரண்டு கேப்டன் சீட் இருக்கும் ஆறு இருக்கை வண்டி என்றால், இரண்டு சீட்டுக்கும் இடையே நடந்து கடைசி வரிசைக்குப் போய்விடலாம். பெரியவர்கள் இறங்க வேண்டியதில்லை. பலரும் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள், காரணமும் சரிதான். ஆனால் ஐந்து வயதுக்காரி கடைசி வரிசைக்குப் போவாள். அவளுக்கு பெல்ட் போட்டுவிட யாராவது பின்னால் தவழ்ந்து போக வேண்டும். வாந்தி வருகிறது என்று அவள் சொல்லும்போது கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். அதைவிட, பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நடுவே அவளை உட்கார வைத்தால் மூவருக்குமே நிம்மதி. ஆக எங்களுக்குத் தேவைப்பட்டது, நடு வரிசையில் மூன்று பேர் உண்மையாகவே அமரக்கூடிய ஏழு இருக்கை வண்டி. கடைசியில் மகன் மட்டும்.

இப்படி எழுதிப் பார்த்த பிறகு தேடல் சுருங்கிவிட்டது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5, மெர்சிடிஸ் ஜிஎல்இ போன்ற வண்டிகளிலும் சில சந்தைகளில் மூன்றாவது வரிசை கூடுதல் வசதியாகக் கிடைக்கிறது. ஆனால் அவை ஐந்து பேருக்காக வடிவமைக்கப்பட்டவை. பின்னால் இருப்பது சின்னப் பிள்ளைகளுக்கான அவசர இருக்கை. அடித்தளத்திலேயே ஏழு பேரை மனத்தில் வைத்தவை என்று நான் பிரித்துக்கொண்டவை வால்வோ எக்ஸ்சி90, ஆடி க்யூ7, லேண்ட் ரோவர் டிஸ்கவரி, பிஎம்டபிள்யூ எக்ஸ்7, மெர்சிடிஸ் ஜிஎல்எஸ். கேடிலாக் எஸ்கலேடையும் பார்க்கலாம் என்று மகன் சொன்னான். நீளம் 5.38 மீட்டர், அதன் நீட்டிக்கப்பட்ட வடிவம் ஏறத்தாழ 5.77 மீட்டர். எங்கள் நிறுத்துமிடத்தில் வண்டியின் மூக்கு சாலையில்தான் நிற்கும்.

குழந்தை இருக்கை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று வரிசை வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வாங்கிய பிறகுதான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். நடு வரிசையின் ஓர இருக்கையில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் (குழந்தை இருக்கையை பெல்ட் இல்லாமல் நேரடியாக மாட்ட, காரிலேயே பொருத்தியிருக்கும் கொக்கிகள்) குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால், பல வண்டிகளில் அந்தப் பக்கத்து இருக்கையைச் சாய்த்து வழிவிட முடியாது. கடைசி வரிசைக்குப் போகும் வாசலில் ஒன்று அன்றோடு அடைபட்டுவிடும். குழந்தை இருக்கையைக் கழற்றாமலேயே நடு இருக்கை முன்னால் நகரும் வசதியை இன்ஃபினிட்டி க்யூஎக்ஸ்60 போன்ற சில வண்டிகள் தருகின்றன. பின்னோக்கிப் பார்க்கும் வகை இருக்கை என்றால் இன்னொரு சிக்கல்: அது முன்னிருக்கையின் முதுகுவரை நீளும். ஐ-சைஸ் எனப்படும் ஐநா விதி 129-இன்படி குழந்தைக்குக் குறைந்தது 15 மாதம் ஆகும்வரை பின்னோக்கித்தான் அமர்த்த வேண்டும், அதற்கு மேலும் தொடர்வது நல்லது என்பதால், கைக்குழந்தை இருப்பவர்கள் தங்கள் குழந்தை இருக்கையைக் கையோடு ஷோரூமுக்கு எடுத்துப் போய்ப் பூட்டிப் பார்ப்பதுதான் ஒரே வழி. நாங்கள் மகளுடைய பூஸ்டரை, அதாவது பெல்ட் சரியாகப் பொருந்தும்படி குழந்தையை உயர்த்தி அமர்த்தும் இருக்கையை, எடுத்துப் போனோம். ஒரு வண்டியில் அதை நடுவில் வைத்ததும் பெல்ட்டின் பூட்டு பூஸ்டருக்கு அடியில் புதைந்துபோக, விரல் நுழையாமல் நானும் விற்பனையாளரும் மாறி மாறி முயன்றது மகளுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. அந்த வண்டி அத்துடன் பட்டியலிலிருந்து போயிற்று.

எக்ஸ்சி90-இல் நடு வரிசையின் மூன்று இருக்கைகளும் தனித்தனியாக முன்பின் நகர்கின்றன. நாங்கள் பார்த்த வண்டியில் மைய இருக்கைக்குள்ளேயே பூஸ்டர் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இழுத்து உயர்த்தினால் போதும், தனியாக எதையும் சுமக்க வேண்டியதில்லை. க்யூ7-இலும் நடுவே மூன்று தனி இருக்கைகள்தான். எக்ஸ்7, ஜிஎல்எஸ் இரண்டிலும் கடைசி வரிசையிலேயே ஐசோஃபிக்ஸ் உண்டு என்பது இரண்டு மூன்று சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குப் பெரிய விஷயம். சந்தைக்குச் சந்தை இந்த வசதிகள் மாறுவதால், எந்தத் தாளை நம்புவதைவிடவும் இருக்கையின் இடுக்கில் கையை விட்டுக் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பது மேல்.

அடுத்து, கடைசி வரிசை. நான் 168 செ.மீ. உயரம். எக்ஸ்சி90-இன் கடைசி இருக்கை 170 செ.மீ. வரை உயரமுள்ளவர்களுக்கு என்று வால்வோ சொல்கிறது. நான் அமர்ந்தபோது தலை தப்பியது, முழங்கால் முன்னிருக்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது, நடு இருக்கையை ஓரிரு அங்குலம் முன்னால் தள்ளியதும் விடுபட்டது. ஜிஎல்எஸ்-இன் கடைசி வரிசைக்கு மெர்சிடிஸ் சொல்லும் அளவு 194 செ.மீ. நேர்மையாகச் சொன்னால், அமர்ந்து பார்த்தவற்றில் பெரியவர்கள் மணிக்கணக்கில் உட்காரத்தக்க கடைசி வரிசை ஜிஎல்எஸ்-இல்தான் இருந்தது. வெறும் கால்நீட்டத்தை மட்டும் பார்ப்பது போதாது. இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். தாழ்வாக இருந்தால் முழங்கால் மார்புக்கு வந்துவிடும், தொடை அந்தரத்தில் நிற்கும், அரை மணி நேரத்தில் இடுப்பு பேசத் தொடங்கும். மின்சார வண்டிகளில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், ஏனென்றால் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தரை உயர்கிறது. அதற்கேற்ப இருக்கையும் உயர்ந்திருக்கிறதா என்று அமர்ந்துதான் அறிய முடியும். ஏறத்தாழ 5 மீட்டர் நீளமே உள்ள கியா ஈவி9-இல் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 3.1 மீட்டர் என்பதால் உள்ளே இடம் தாராளம். ஆனால் நெடும்பயணங்களில் சார்ஜ் செய்யும் நேரத்துக்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

ப்ளக்-இன் ஹைப்ரிட், அதாவது எஞ்சினோடு வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் பேட்டரியும் உள்ள வண்டி, என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். எக்ஸ்சி90-இன் ப்ளக்-இன் வடிவத்தில் பேட்டரி வண்டியின் நடுத் தண்டு வழியே நீளவாக்கில் இருப்பதால் ஏழு இருக்கைகளும் பிழைத்துக்கொண்டன. க்யூ7, எக்ஸ்5 ஆகியவற்றின் ப்ளக்-இன் வடிவங்களில் பின்பக்கத்து இடத்தை பேட்டரி எடுத்துக்கொள்வதால் மூன்றாவது வரிசையே கிடையாது.

டெஸ்ட் டிரைவின்போது மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் கடைசி வரிசையில் அமர்ந்தேன். விற்பனையாளர்கள் இதை விசித்திரமாகப் பார்த்தார்கள். கடைசி இருக்கை பின்சக்கரங்களின் அச்சுக்கு மேலேயே இருப்பதால், வேகத்தடையில் முன்னால் இருப்பவர் லேசாக அசைந்ததையே பின்னால் இருப்பவர் தூக்கிப் போட்டதாக உணர்கிறார். ஒரே வண்டியை 20 அங்குலச் சக்கரத்திலும் 22 அங்குலச் சக்கரத்திலும் பின்னாலிருந்து பார்த்தேன். சக்கரம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் ஒல்லியாகிவிடும். சுருள்வில்லுக்குப் பதில் காற்றடைத்த பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இருந்தும் சின்னச் சின்னப் பள்ளங்கள் முதுகெலும்புவரை வந்தன. படத்தில் 22 அங்குலம்தான் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஏசி காற்று கடைசி வரிசைக்குத் தனித் துவாரத்தில் வருகிறதா, அதைப் பின்னால் இருப்பவரே கூட்டிக் குறைக்க முடியுமா என்பதையும் வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டும். பக்கக் கண்ணாடிகளை மூடித் திரைபோல விரியும் ஏர்பேக் கடைசி வரிசைவரை நீள்கிறதா என்று கேளுங்கள். மோதல் சோதனையில் கிடைத்த நட்சத்திர மதிப்பீடு மட்டும் போதாது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் மோதல் சோதனையில் குழந்தை பொம்மைகளை இரண்டாம் வரிசையில்தான் அமர்த்துகிறார்கள்.

எல்லோரும் ஏறிய பிறகு பெட்டிகளுக்கு இடம் எங்கே என்ற கேள்வியை நாங்கள் ஷோரூமிலேயே ஒரு பயணப் பெட்டியையும் அப்பாவின் மடக்கு நாற்காலியையும் வைத்துப் பார்த்துத் தீர்த்துக்கொண்டோம். மூன்று வரிசையும் விரிந்திருக்கும்போது எக்ஸ்7-இன் டிக்கி 326 லிட்டர், ஜிஎல்எஸ்-இன் டிக்கி 355 லிட்டர். ஐந்து மீட்டரைத் தாண்டிய வண்டிகளில் ஒரு சிறு ஹேட்ச்பேக்கின் டிக்கி அளவுதான் மிஞ்சுகிறது. எடையும் உண்டு. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதே ஏற்றக்கூடிய பாரம். ஐரோப்பிய முறையில் சொல்லப்படும் வெற்று எடையில் 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறார், வேறு முறைகளில் இல்லை என்பதால் இரண்டு தாள்களை அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தவறும். முழுப் பாரத்தோடு போகும்போது டயர்களில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அன்றாட அளவைவிட அது அதிகம்.

இந்தத் தேவைகளுக்கெல்லாம் சறுக்குக் கதவு வைத்த, தரை தாழ்ந்த ஒரு வேன்தான் சரியான விடை என்று மனைவி ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் முழங்கால் அவர் பக்கம். டொயோட்டா வெல்ஃபயர் மாதிரி ஒன்றில் கடைசி வரிசைக்குக்கூட நடந்தே போகலாம் என்பதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. எனக்கு எஸ்யூவிதான் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் ஜிஎல்எஸ், எக்ஸ்சி90 இரண்டும் மிஞ்சின. கடைசி வரிசையில் ஜிஎல்எஸ் வெல்கிறது. ஆனால் அங்கே உட்காரப் போவது ஒரே ஒருவன், அதுவும் வாரத்தில் சில மணி நேரம். மற்ற நாள்களில் 5.2 மீட்டர் வண்டியைக் குறுகலான இடங்களில் திருப்பப் போவது பெரும்பாலும் மனைவி. மைய இருக்கையின் பூஸ்டரும், 4.95 மீட்டர் நீளமும் சேர்ந்து எக்ஸ்சி90-ஐ முடிவு செய்தன. புதியதாக அல்ல, உற்பத்தியாளரின் வாரண்டி மிச்சம் இருந்த இரண்டு வயது வண்டியாக வாங்கினோம். இந்தத் தரத்து வண்டிகள் முதல் ஆண்டுகளில்தான் மதிப்பை அதிகம் இழக்கின்றன. ஏர் சஸ்பென்ஷன் இருந்ததால், அதன் காற்றுப் பைகளையும் அவற்றில் காற்றை நிரப்பும் கம்ப்ரசரையும் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லி, ஓர் இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காற்று கசிந்து எந்த மூலையாவது தாழ்ந்திருக்கிறதா என்று காலையில் நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

இப்போது மகன் முதலில் ஏறிக் கடைசி வரிசையின் இடப் பக்கம் அமர்கிறான். அவன் பக்கத்து இருக்கை மடங்கிப் பெட்டிகளுக்குப் போய்விட்டது. பிறகு மகள், பிறகு தாத்தா பாட்டி. சென்ற மாதம் கதவோரச் சுவரில் அவன் உயரத்தைக் குறித்தபோது 161 செ.மீ. காட்டியது. "170 தாண்டினால் நான் எங்கே உட்காருவது?" என்று கேட்டான். "முன்னால் வந்து ஓட்டக் கற்றுக்கொள். நான் 168-தான், பின்னால் போய்விடுகிறேன்" என்றேன்.