பைலட் ஆகணுமா? பார்ட் 61-ஆ, 141-ஆன்னு குழம்புறவங்களுக்கு

அமெரிக்கால பைலட் ட்ரெய்னிங் பத்தி யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது, ஸ்கூல்ல பணம் கட்டுறதுக்கு முன்னாடி மெடிக்கல் (பறக்க உடம்பு தகுதியா இருக்குன்னு டாக்டர் தர்ற சர்டிஃபிகேட்) எடுத்துருங்க, பிரைவேட் பைலட்டுக்கு (சம்பளத்துக்கு இல்லாம சொந்தமா பறக்குறவங்க) தேர்ட் கிளாஸ் மெடிக்கல் போதும், ஆனா ஏர்லைன் போற ஐடியா இருந்தா இருக்கறதுலயே கண்டிப்பான ஃபர்ஸ்ட் கிளாஸே எடுத்துப் பாத்துடுறது நல்லது, அங்க சிக்கல் வந்தா மொத்த பிளானும் மாறிடும்.

அடுத்து ஸ்கூல். பார்ட் 61, பார்ட் 141 ரெண்டும் பைலட் ட்ரெய்னிங்குக்கான அமெரிக்க விதிகளோட ரெண்டு பகுதி, எதுல வேணா கத்துக்கலாம். பார்ட் 141-ல எஃப்ஏஏ (அமெரிக்க விமானத்துறை அமைப்பு) ஒத்துக்கிட்ட சிலபஸ், பிரைவேட் பைலட்டுக்கு குறைஞ்சது 35 மணி நேரம் பறக்கணும், பார்ட் 61-ல 40, ஆனா நம்ம வசதிக்கு நேரம் வச்சுக்கலாம். நிஜத்துல பெரும்பாலானவங்களுக்கு அதுக்கும் மேலதான் ஆகுது, அதனால அந்த 5 மணி நேரத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, வேலைக்குப் போயிட்டே கத்துக்கிறவங்களுக்கு 61தான் சரி. சம்பளத்துக்குப் பறக்குற கமர்ஷியல் பைலட்டுக்கு மட்டும் வித்தியாசம் பெருசு, 61-ல 250 மணி நேரம், 141-ல 190.

பிரைவேட் பைலட்டுக்கு குறைஞ்சது 16 வயசுல சோலோ (தனியா பறக்குறது), 17ல சர்டிஃபிகேட், எழுத்துத் தேர்வுல பாஸாக 70 மார்க், கடைசியா செக்ரைட், அதாவது எக்ஸாமினரோட பறந்து காட்டுற டெஸ்ட்.

இதெல்லாத்தையும் விட இன்ஸ்ட்ரக்டர் முக்கியங்க. நல்லவரா இருந்தா, இறக்கைக்கு அடியில இருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடிச்சு, வெளிச்சத்துல தூக்கிக் காட்டி, அடியில தண்ணி நிக்குதான்னு ஒவ்வொரு தடவையும் உங்களையே பாக்க வைப்பார். அப்படி ஒருத்தர் கிடைச்சா ஸ்கூல் பேரெல்லாம் பாக்காம சேந்துடுங்க.