பத்தாம் வகுப்புக்குப் பின் ஓராண்டு ஜப்பானில்: பரிமாற்றத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க இருப்பவர்களுக்கு

மதுரை முனிச்சாலைப் பகுதியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக் குடும்பம் எங்களுடையது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த 2023ஆம் ஆண்டின் ஆகஸ்டில், ரோட்டரி சங்கங்கள் நடத்தும் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தின் வழியாக ஜப்பானின் ஐச்சி மாகாணத்துக்குச் சென்று, அங்குள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஓராண்டு படித்துத் திரும்பினேன். இதைப் பற்றி விசாரிக்க வருபவர்கள் மொழியையும் செலவையும்தான் முதலில் கேட்கிறார்கள். நேர்காணலில் என்னைத் திணறடித்தது இவை இரண்டுமே அல்ல.

ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும் என்று இரண்டு மாதங்கள் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்துவிட்டுத்தான் போயிருந்தேன். என் விண்ணப்பத்தைப் புரட்டிய பெரியவர் ஒருவர், "சுங்குடியில் புள்ளி எப்படி விழுகிறது?" என்று தமிழிலேயே கேட்டார். துணியைக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. என் பாட்டி ஐம்பது ஆண்டுகள் முடிச்சுப் போட்டவர். அவர் மடியில் கிடந்த துணியை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. எப்படியோ தேர்வாகிவிட்டேன். ஆனால், வீட்டுக்கு வந்தவுடன் செய்த முதல் வேலை பாட்டியின் அருகில் போய் உட்கார்ந்ததுதான். விரல் நுனியால் துணியைத் துளியளவு கிள்ளித் தூக்கி, நூலை இறுக்கிச் சுற்றி, அறுக்காமலே அடுத்த புள்ளிக்கு நகர வேண்டும். ஒரு சேலைக்கு இப்படிப் பல ஆயிரம் முடிச்சுகள் விழும். இன்று கடைகளில் விற்கும் சுங்குடியில் பெரும்பகுதி மெழுகு அச்சு வைத்துச் சாயமேற்றியது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். வியாபாரி வீட்டுப் பெண் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும்.

நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட காலப் பரிமாற்றத்துக்குப் பொதுவாக 15 முதல் 18½ வயதுக்குள் இருக்க வேண்டும். உள்ளூர்ச் சங்கம் ஒன்று நம்மைப் பரிந்துரைக்க வேண்டும். விமானக் கட்டணம், காப்பீடு, பாஸ்போர்ட், விசா, கைச்செலவு ஆகியவை நம் பொறுப்பு. தங்குவதற்கும் உண்பதற்கும் அங்குள்ள குடும்பங்கள் பணம் வாங்குவதில்லை, அங்குள்ள சங்கம் மாதந்தோறும் சிறு தொகையும் தரும். வாகனம் ஓட்டுதல், மது, போதைப்பொருள், காதல் ஆகிய நான்கும் விலக்கு. பாஸ்போர்ட்டை மதுரை அலுவலகத்திலேயே எடுத்துவிடலாம். 15 வயது நிறைந்தவர்கள் 18 வயது வரை செல்லுபடியாவதற்குப் பதிலாகப் பத்தாண்டு பாஸ்போர்ட் கேட்டு வாங்க முடியும். விசாவுக்கு ஜப்பானிலிருந்து தகுதிச் சான்று ஒன்று வந்து சேர வேண்டும். அது கைக்கு வருமுன்பே விமானச் சீட்டு எடுத்துவிட்டு, பிறகு தேதியை மாற்றுவதற்குப் பணம் கட்டினோம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரண்டு முறை சென்னைக்கு அலைந்ததும் மிச்சம். நீங்கள் பொறுத்திருங்கள்.

மொழியைப் பற்றிய பயம் தமிழ் மாணவர்களுக்குப் பாதியாவது தேவையற்றது என்பது என் கருத்து. ஹிரகனா எழுத்துகள் அடிப்படையில் 46; புறப்படுவதற்கு முன்பே எழுதிப் பழகிவிடலாம். வாக்கிய அமைப்பு நம்முடையதைப் போலவே வினையில் முடியும்; 'பள்ளிக்கு' என்பதில் வரும் 'கு' நிற்கும் இடத்தில் அவர்களுக்கு 'நி' நிற்கும். நம் இலக்கணப் பாடத்தில் அ, இ, உ என மூன்று சுட்டெழுத்துகளைப் படித்துவிட்டு, 'உ' எதற்கு என்று சிரித்திருப்போம். ஜப்பானிய மொழியில் அருகில் இருப்பதற்குக் 'கொ', கேட்பவர் பக்கம் இருப்பதற்கு 'சொ', தொலைவில் இருப்பதற்கு 'அ' என்று மூன்றும் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கின்றன. சீன வடிவ எழுத்துகளான கன்ஜி மட்டும் எனக்குக் கடைசிவரை கைவரவில்லை. வரலாற்று வகுப்புகளில் பாதி நேரம் கரும்பலகையைப் படமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் கடினமாக இருந்தது உணவு. விண்ணப்பத்தில் 'சைவம்' என்று ஒரு சொல் எழுதியதோடு நான் விட்டுவிட்டேன். அங்கே இறைச்சி என்றால் பலருடைய நினைவில் மீன் வருவதில்லை. மேலும், மிசோ சூப் முதல் காய்கறிக் குழம்பு வரை எல்லாவற்றுக்கும் அடிப்படையான தாஷி என்னும் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுப்பது. மூன்று வாரங்கள் அதைக் குடித்த பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அந்த வீட்டு அம்மா கோபப்படவில்லை. முன்பே சொல்லாததற்குத்தான் வருந்தினார். மறுநாளிலிருந்து கொம்பு என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் எனக்காகத் தனியாகச் சாறு எடுத்தார். மீன், மீன் சாறு, முட்டை என்று உண்ணாதவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஓராண்டில் நான் மூன்று வீடுகளில் தங்கினேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலைக் கூச்சப்படாமல் கொடுத்தேன்.

நவம்பரில் வீட்டு நினைவு கடுமையாக வரும். வீட்டுக்குள்ளேயே குளிர் எலும்பைத் தொடும். அந்த நாட்களில் தினமும் ஊருக்குத் தொலைபேசியில் பேசியது எனக்குக் கெடுதலாகவே முடிந்தது என்பதால், ஞாயிறு மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டேன்.

அந்த மாதத்தில்தான் நகோயா நகரின் ஒரு பகுதியான அரிமாட்சுவுக்கு என்னை அழைத்துப் போனார்கள். எடோ நகருக்கும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவுக்கும் இடையே சென்ற பழைய தோகைடோ சாலையில் பயணிகளுக்கு விற்பதற்காக, 1600களின் தொடக்கத்தில் இங்கே வளர்ந்த தொழில் ஷிபோரி. துணியைக் கட்டிச் சாயமிடும் அதே வேலைதான். சிறு கொக்கி பொருத்திய மரத்தாங்கியில் துணியை மாட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு நூலை என்னிடம் நீட்டினார். பாட்டியிடம் கற்றபடி வெறும் விரலால் கிள்ளி ஏழெட்டு முடிச்சுகள் போட்டேன். அவர் என் கையை எடுத்து நகத்தைப் பார்த்துவிட்டு, தம் நகத்தையும் காட்டினார்.

பள்ளியில் ஊரைப் பற்றிப் பேசும் முறை வந்தபோது, மீனாட்சியம்மன் கோயில் படங்களை இரண்டே நிமிடங்களில் முடித்துக்கொண்டேன். சாயமேற்றி, முடிச்சு பிரிக்காமல் கொண்டு போயிருந்த சுங்குடித் துணியை இரு மாணவிகளிடம் கொடுத்து, குறுக்காக இழுக்கச் சொன்னேன். படபடவென்று நூல் தெறித்து, சிவப்புத் துணியில் வெள்ளைப் புள்ளிகள் திறந்தன. வகுப்பில் எழுந்த அந்த ஒலியை எந்தப் படக்காட்சியாலும் எழுப்பியிருக்க முடியாது.

திரும்பிய பிறகு ஓர் ஆண்டு பின்தங்குவோம் என்பதைப் பெற்றோர் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் 2024 ஜூலையில் பதினொன்றாம் வகுப்பில் சேரப் போனபோது, மாற்றுச் சான்றிதழில் ஓராண்டு இடைவெளி எதற்கு என்று பள்ளியில் பத்து நாட்கள் இழுத்தடித்தார்கள். புறப்படுமுன் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கடிதம் வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது. 2025இல் நாங்கள் எழுதியதோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. இன்னோர் ஆண்டு கழித்துச் சேர்ந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும்.

அரிமாட்சு மூதாட்டி தந்தனுப்பிய கொக்கித் தாங்கியைப் பாட்டியிடம் கொடுத்தேன். இரண்டு நாட்கள் அதில் துணியை மாட்டிப் பார்த்துவிட்டு, தம் விரலுக்கு அது வேகமாக இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்.