அசிசியில், கண் திறந்த ஆண்டவர் முன்னே

நேர்ச்சை நேர்ந்துகொண்டு இரண்டரை வருஷம் கழித்துத்தான் இத்தாலியில் இருக்கும் அசிசிக்குப் போக முடிந்தது. 2023 மார்ச்சில் இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, வலது கண்ணில் விழித்திரை பிய்ந்துகொண்டது. இடது கண்ணில் சின்ன வயதிலிருந்தே பார்வை மங்கல்தான். ஆபரேஷன் முடித்து, கண்ணுக்குள் வாயு ஏற்றி, பத்து நாள் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டார்கள். சாப்பிடுவதும் தலையைக் குனிந்தபடிதான். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பத்து நாளும் என் அம்மாவின் மூன்றாம் சபைக் கயிற்றை, அதாவது அசிசியார் என்று நாங்கள் சொல்லும் புனித பிரான்சிஸின் வழியில் வீட்டிலிருந்தே நடப்பவர்கள் கட்டும் கயிற்றை, இவர் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ஒன்பது நாள் செபமான நவநாள் முடிந்த ராத்திரி, "அசிசியாரே, இவருக்குப் பார்வையைத் திருப்பித் தாரும். உம்முடைய ஊருக்கே கூட்டிவந்து நன்றி சொல்கிறேன்" என்று வாய்விட்டு நேர்ந்தேன்.

கண் நோய் என்றால் எல்லோரும் லூசியம்மாளைத்தான் தேடுவார்கள். எனக்கு அசிசியார்தான் வாயில் வந்தார். அம்மா சாகும்வரை அசிசியாரின் திருநாளான அக்டோபர் 4 அன்று கஞ்சி மட்டும் குடித்துவிட்டுத் திருப்பலிக்குப் போனவர் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கண் போவது என்றால் என்ன என்று அசிசியாருக்குத் தெரியும். 1219-இல் எகிப்துக்குப் போய்த் திரும்பும்போதே கண் நோயோடுதான் வந்தார். கடைசி வருஷங்களில் பகல் வெளிச்சமும் ஆகாது, ராத்திரி விளக்கு வெளிச்சமும் ஆகாது. அந்தக் காலத்து வைத்தியம், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கன்னத்திலிருந்து புருவம் வரை சுடுவது. அதையும் தாங்கினார். "சகோதர நெருப்பே, என்னிடம் கொஞ்சம் இரக்கமாக இரு" என்று கேட்டாராம். அதை அம்மா சொல்லி எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

பார்வை திரும்பி வந்தது. முதல் ஆறு மாதம் எல்லாமே நிழல் நிழலாகத்தான். பஸ் ஸ்டாப்பில் நின்றால் வருவது எந்த பஸ் என்று நான்தான் சொல்ல வேண்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. 2025 யூபிலி ஆண்டில் பங்கிலிருந்து ரோமுக்கு யாத்திரை என்று அறிவித்ததும் பேர் கொடுத்துவிட்டோம். ஆனால் பயண அட்டவணையில் அசிசிக்கு மூன்றே மணி நேரம். நேர்ச்சைக்கு வருகிறவர்கள் மூன்று மணி நேரத்தில் ஓடிவிட முடியுமா? கூட்டத்தோடு ரோமைப் பார்த்துவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இரண்டு ராத்திரி தங்குவதாகச் சொல்லிப் பிரிந்து வந்தோம்.

ரோமின் தெர்மினி ஸ்டேஷனில் ரயில் ஏறி ஃபொலிஞ்ஞோவில் மாறி, இரண்டரை மணி நேரம். ரயில் ஜன்னலிலேயே ஊர் தெரிந்துவிடுகிறது. சுபாசியோ மலைச் சரிவில், வெளுத்த ரோஸ் நிறக் கல்லில், நீளமாகப் படுத்த மாதிரி. இடது ஓரத்தில் கோட்டைச் சுவர் போல வளைவு வளைவாக நிற்பதுதான் அசிசியாரின் பேராலயம். இவர் விரலை நீட்டிக் காட்டினார். எனக்கு அப்போதே அழுகை முட்டியது.

ஸ்டேஷன் கீழே சமவெளியில் இருக்கிறது, ஊர் நாலு கிலோமீட்டர் மேலே. வாசலிலேயே ஒரு டாக்ஸிக்காரர் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு மேலே போக பஸ் கிடையாது, வேலைநிறுத்தம் என்று கையால் காட்டி, பெட்டியையும் தூக்கிக்கொண்டார். நம்பி ஏறினோம். பாதி வழியில் எங்களைத் தாண்டி பஸ் போனது. திருத்தலத்துக்கு வருகிறவர்களிடம் பொய் சொல்லிப் பணம் பறிப்பது எந்த ஊரானாலும் மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உடுத்தியிருந்த துணியைக்கூட அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு நின்ற மனுஷனின் ஊர் இது. கடைத்தெரு முழுக்க அவரையே பொம்மையாகவும் சாவிக்கொத்தாகவும் செய்து அடுக்கியிருக்கிறார்கள். நான் ஒன்றும் வாங்கவில்லை. தாவு என்கிற T வடிவ மரச்சிலுவை மட்டும் நாலு வாங்கினேன், பேரப்பிள்ளைகளுக்கு.

பேராலயத்தில் பட்டாளத்துக்காரர்கள் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அசிசியாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது 1228 ஜூலை 16. மறுநாளே இந்தக் கோவிலுக்கு அடிக்கல் வைத்துவிட்டார் ஒன்பதாம் கிரகோரி பாப்பரசர். மேல் கோவில், கீழ்க் கோவில், அதற்கும் கீழே கல்லறை. 1230-இல் உடலைக் கொண்டுவந்து, யாரும் திருடிவிடக் கூடாதென்று எங்கே என்று தெரியாமலே புதைத்துவிட்டார்கள். அறுநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அது மறைந்தே கிடந்திருக்கிறது. 1818-இல்தான் தோண்டிக் கண்டுபிடித்தார்கள்.

படி இறங்கினால் கூட்டம். கொடி பிடித்த வழிகாட்டிகள் பின்னால் நாற்பது நாற்பது பேர். படம் எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது, கையில் போன் இல்லாத ஆளே இல்லை. "சிலென்சியோ", அமைதி என்று குரல் வந்ததும் அரை நிமிஷம் அடங்குகிறார்கள், மறுபடி இரைச்சல். முட்டி போட இடமில்லை. முரட்டுக் கற்களை அடுக்கிய தூண், அதன் நடுவில் பீடத்துக்கு மேலே இரும்புக் கம்பிக்குள் கல்பெட்டி. அவ்வளவுதான். தங்கம் இல்லை, வைரம் இல்லை. சுற்றி நாலு மூலையில் அவருடைய தோழர்கள் நாலு பேர்: லெயோ, ரூஃபினோ, ஆஞ்சலோ, மஸ்ஸேயோ. வாழும்போது கூட இருந்தவர்களைச் செத்த பிறகும் பிரிக்கவில்லை. வாங்கிப்போன மெழுகுதிரியை அங்கே ஏற்ற விடுவதில்லை, வைத்துவிட்டு வரவேண்டியதுதான். பீடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய், அம்மாவின் கயிற்றைக் கம்பியில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். மூன்று முடிச்சு. என்ன செபம் சொன்னேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. பின்னால் நின்ற ஒரு அம்மா தோளில் தட்டியதும்தான் நகர்ந்தேன்.

மேல் கோவிலில் சுவர் முழுக்க அவருடைய சரித்திரம், 28 படங்கள், ஜொத்தோ என்ற ஓவியர் வரைந்தவை என்கிறார்கள். 1997 செப்டம்பர் 26 பூகம்பத்தில் இந்தக் கூரை இடிந்து நாலு பேர் செத்துப்போனார்கள், அதில் இரண்டு பேர் இந்தச் சபைத் துறவிகள். அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். இவர் ஒவ்வொரு படமாகப் போய்ப் பார்த்தார். நான் படங்களைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கார்லோ அகுதிஸ் கல்லறைக்குப் போனோம். பதினைந்து வயதில் 2006-இல் இறந்த பிள்ளை. செப்டம்பர் 7 அன்று புனிதர் பட்டம் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் நின்று, ஜீன்ஸும் ஷூவுமாகப் படுத்திருக்கும் அந்தப் பிள்ளையை ஒரு நிமிஷம் பார்த்தோம். இவருக்குக் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. நேராக சாந்தா கியாரா, அதாவது அசிசியாரைப் பின்பற்றித் துறவியான கிளாரம்மாளின் கோவிலுக்கு நடந்தோம்.

அதைத்தான் சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

உள்ளே நுழைந்து வலது பக்கம் ஒரு சிற்றாலயம். அங்கே தொங்குகிறது, ஊருக்கு வெளியே சான் தமியானோ கோவிலில் முன்பு இருந்த திருச்சிலுவை. "பிரான்சிஸ், இடிந்துகொண்டிருக்கும் என் வீட்டைப் பழுதுபார்" என்று அசிசியாரிடம் பேசிய சிலுவை. கிளாரம்மாள் இறந்தபின், சான் தமியானோவில் அவரோடு இருந்த கன்னியர்கள் ஊருக்குள் குடிவந்தபோது இதையும் கூடவே எடுத்துவந்துவிட்டார்கள். இதன் படம் எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து தொங்குகிறது. எத்தனையோ வருஷம் பார்த்த படம்தான். நேரில் நிற்கும்போதுதான் தெரிந்தது: மற்ற பாடுபட்ட சுரூபங்களில் ஆண்டவர் தலை சாய்ந்திருக்கும், கண் மூடியிருக்கும். இதில் தலை நிமிர்ந்திருக்கிறது. இரண்டு கண்ணும் பெரிதாக, அகலமாக, திறந்தே இருக்கிறது. இமை தெரிகிறது, கருவிழி தெரிகிறது. ஒரு ஆள் உயரத்துக்கு மேலிருந்து நம்மைத் தாண்டி எங்கோ தூரத்தைப் பார்க்கிற மாதிரியும் இருக்கிறது, நம்மையே பார்க்கிற மாதிரியும் இருக்கிறது.

அங்கே கூட்டம் இல்லை. ஆறேழு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், மூச்சுச் சத்தம் கேட்டது. இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகை முன்னால் அப்படித்தான் உட்கார வைப்பார்கள். அந்த ஆபரேஷன் செய்த கண்ணால் மட்டும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "கண் திறந்திருக்கும்மா" என்றார்.

ஆண்டவர் கண்ணைச் சொன்னாரா, தன் கண்ணைச் சொன்னாரா, நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஆண்டவரே, உமக்கு நன்றி, உமக்கு நன்றி என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கீழே கல்லறையில் கிளாரம்மாளைத் தரிசித்தோம். அசிசியாரின் அங்கியும் அங்கே இருக்கிறது, ஒட்டுக்கு மேல் ஒட்டு. நம் ஊரில் சாக்குத் தைப்பவர்கள்கூட இதைவிட நல்ல துணிதான் வைத்திருப்பார்கள்.

நேர்ச்சையில் ஒரு பாக்கி இருந்தது. அசிசியார் 1225-இல் பார்வை போன நிலையில் சான் தமியானோவில்தான் ஐம்பது நாளுக்கு மேல் கிடந்தார். பாயால் அடைத்த இருட்டு மறைப்பு, ராத்திரி முழுக்க எலித் தொல்லை. அங்கே கிடந்துதான் சகோதரன் சூரியனுக்காக ஆண்டவரைப் புகழ்ந்து பாட்டுக் கட்டினார். வெளிச்சத்தைப் பார்க்க முடியாதவர் வெளிச்சத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார்! அந்தப் பாட்டை அந்த இடத்திலேயே இவர் வாயால் வாசிக்க வைப்பது என்று நேர்ந்திருந்தேன்.

ஊர் வாசலைத் தாண்டி ஒலிவ மரங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் சரிவில் இறங்க வேண்டும். நல்ல வெயில். வீங்கிய காலோடு இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். போய்ச் சேர்ந்தால் கதவு சாத்தியிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குச் சாத்தினால் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்களாம். திரும்பி ஏறவும் தெம்பில்லை. தண்ணீர் பாட்டிலில் அரைவாசி, ரோமில் வாங்கிய பிஸ்கட் ஒரு பாக்கெட். ஒலிவ மரத்தடியில் கல்லில் உட்கார்ந்தோம்.

சரி, இங்கேயே வாசித்துவிடுங்கள் என்றேன். அம்மாவின் பழைய செபப் புத்தகத்தில் அந்தப் பாட்டு இருக்கிறது, எழுத்து பொடி எழுத்து. இவர் மடியில் வைத்து வாசிக்க ஆரம்பித்தார். சூரியன், நிலா, காற்று, தண்ணீர், நெருப்பு, மண் தாய். எங்கும் தட்டவில்லை. காக்கையோ என்னவோ ஒரு பறவை மேலே கத்திக்கொண்டிருந்தது. சாவைச் சகோதரி என்று கூப்பிடும் கடைசி அடி, அசிசியார் சாகும் தறுவாயில் சேர்த்தது. அங்கே வந்ததும் இவர் குரல் உடைந்தது. புத்தகத்தை வாங்கி நான் முடித்தேன். கதவு திறந்திருந்தால் பத்தோடு பதினொன்றாக உள்ளே போய்விட்டு வந்திருப்போம். அந்த இரண்டு மணி நேரத்தை எங்களுக்கென்றே ஆண்டவர் வைத்திருந்தார்.

திறந்தபின் உள்ளே போய், கிளாரம்மாள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் பூ வைத்திருப்பதையும், அவர் உயிர் விட்ட அறையையும் பார்த்தோம்.

மூன்றாம் நாள் காலை கீழே இறங்கி சம்மனசுகளின் மாதா கோவில். அவ்வளவு பெரிய பேராலயத்துக்குள்ளே நம் ஊர்க் குருசடி அளவில் போர்சியுங்கோலா என்ற சின்னக் கோவில். 1226 அக்டோபர் 3 சாயங்காலம் வெறுந்தரையில் படுத்து அசிசியார் உயிர் விட்ட இடம் அதற்குப் பக்கத்திலேயே. பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, அந்தக் கல் சுவரை முத்தி செய்தோம். கயிற்றை அங்கேயும் ஒருதரம் வைத்து எடுத்தேன்.

ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தோம். மலைமேல் ஊர் வெயிலில் பளபளவென்று இருந்தது. பிளாட்ஃபாரக் கடைசியில் பெட்டிமேல் உட்கார்ந்து நான் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன். தூரத்தில் ரயில் வருவது புள்ளியாகத் தெரிந்தது. எனக்கு எழுத்து தெரியவில்லை. இவர் எழுந்து நின்றார்.

"ரோமா என்று போட்டிருக்கு. நம்ம ரயில்தான், எந்திரி."